வசனமில்லாத பன்னிரண்டு அட்டைகள்

ஒரு ஜனவரி முதல் தேதி காலையில், பிரிக்பீல்ட்ஸில், பன்னிரண்டு பேருக்குக் கடவுள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனார். அதற்குக் காரணம் நான்தான்.

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடியும்போது பீடத்துக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வோர் அட்டையிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம் இருக்கும். வரிசையில் வந்து, கண்ணை மூடி, ஒன்றை எடுக்கவேண்டும். எது வருகிறதோ அதுதான் அந்த வருடம் முழுவதும் கடவுள் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. வாக்குத்தத்த அட்டை என்று பெயர். அதைக் காரில் ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டுவார்கள். ஐஸ்பெட்டியின் கதவில் காந்தம் வைத்துப் பிடித்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கைப்பையில் எடுத்துக்கொண்டு போவார்கள். வருடம் முடிந்த பிறகும் குப்பையில் போட மனசு வராது. அலமாரித் துணிகளுக்கு அடியில் முப்பது வருட அட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் ஆட்கள் எங்கள் சபையில் உண்டு.

அந்த அட்டைகளைத் தயார் செய்வது என் வேலை.

நான் அந்த வேலைக்கு வந்த கதை சின்னது. பந்திங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தேன். பத்து வயதில் தோட்டத்து ஜெபக்கூடத்தில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கடவுளும் நானும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தைத் தாண்டவில்லை. தாண்டச் சொல்லி யாரும் கெஞ்சவும் இல்லை. லோரியில் சாமான் ஏற்றி இறக்கினேன். பங்சாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். ஸ்ரீ கெம்பாங்கானில் நாற்காலி செய்யும் பட்டறையில் இருந்தபோது ரம்பம் என் இடது கை மோதிர விரலில் பாதியை எடுத்துக்கொண்டது. இரண்டு வாரம் வலித்தது, பிறகு பழகிவிட்டது. கிள்ளான் பேருந்து நிலையத்தில் ஒரு மாதம் படுத்திருக்கிறேன். மழை பெய்யாத நாட்களில் மோசமில்லை. ஆக மொத்தம் பதினாறு இடம். எங்கேயும் மூன்று வருடம் முழுதாக நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் கால் அரிக்கும். பையை எடுப்பேன்.

பதினேழாவது இடம் சபை. ஒரு மத்தியான மழைக்கு அதன் வாசலில் ஒதுங்கினேன். உள்ளே ஒரு மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது, எந்த நேரமும் யார் தலையிலாவது விழுந்து அவரை நேரே பரலோகத்துக்கு அனுப்பிவிடும் போல. ஏணி கேட்டு வாங்கி ஏறி முடுக்கிவிட்டேன். பாஸ்டர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மூக்குக்கண்ணாடி போட்ட, எப்போதும் எதையாவது எங்கேயாவது மறந்து வைத்துவிடும் மனிதர்.

"அங்கிள், மணி அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கயிறு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப தெரியும்."

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பாஸ்டருக்குச் சபைச் சரித்திரம் என்றால் உயிர். நான் வந்ததற்கு அடுத்த வருடம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு வகுப்பு ஆரம்பித்தார். 'சீர்திருத்தத்துக்குப் பிறகு என்ன நடந்தது' என்பது தலைப்பு. முதல் வாரம் பதினைந்து பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஏழு பேர். அந்த ஏழில் இரண்டு பேர் ஏர்கோன் குளிருக்காக வந்தவர்கள். நாற்காலி போடுவதும் கடைசியில் கதவு பூட்டுவதும் என் பொறுப்பு. நடுவில் ஒன்றரை மணி நேரம் எங்கே போவது? பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

சீர்திருத்தம் என்பது எனக்கும் கொஞ்சம் தெரியும். ஜெர்மனியில் ஒரு துறவி கோபப்பட்டார், சபை இரண்டாகப் போயிற்று. அதோடு முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முடியவே இல்லையாம். அதற்குப் பிறகுதான் கூத்தே. அப்பத்தையும் திராட்சரசத்தையும் பற்றி வாதம் செய்து இவர்களுக்குள்ளேயே பிரிந்தார்கள். முப்பது வருடம் ஒரு யுத்தம் நடந்தது. அது ஓய்ந்து பார்த்தால் பிரசங்கங்கள் பாடப் புத்தகம் மாதிரி ஆகி, மக்கள் கோயிலில் தூங்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்படியே விட்டால் சரிப்படாது என்று ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேரைச் சேர்த்து ஜெபம் செய்ய, அதிலிருந்து ஓர் இயக்கமே கிளம்பியிருக்கிறது. அந்தக் கூட்டத்திலிருந்து, அடிக்கடி சுகமில்லாமல் படுத்துவிடும் ஒரு ஜெர்மன் வாலிபர், கப்பல் ஏறித் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினாராம். கோட்டையில் இருந்த டேனிஷ் அதிகாரிக்கு இவரைக் கண்டாலே ஆகவில்லை. பிடித்துச் சிறையில் போட்டார். இவர் அதற்கு முன்பே பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து, விரலால் எழுதி எழுதித் தமிழ் படித்து முடித்திருந்தார்.

"அச்சு எழுத்து வார்க்க ஈயம் போதல," என்றார் பாஸ்டர். "என்ன செஞ்சாங்க தெரியுமா? ஐரோப்பாவிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பா மூடியை உருக்கினாங்க!"

எனக்குத் தலை சுற்றியது. பாலாடைக்கட்டி மூடியில் தமிழ் எழுத்து! அந்த வாரம் முழுவதும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பிஸ்கட் டின்னைத் திறக்கும்போதுகூட மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.

கப்பல் கதை சொன்ன சனிக்கிழமையை மறக்க முடியாது. அட்லாண்டிக் நடுவில் புயல். பாய் கிழிகிறது, தளத்தில் தண்ணீர் புரள்கிறது, ஆங்கிலேயர்கள் அலறுகிறார்கள். அதே கப்பலில் மொராவியா தேசத்துக் குடும்பங்கள் சில ஆராதனை நடத்திக்கொண்டிருக்கின்றன. பாட்டை அவர்கள் நிறுத்தவே இல்லை. குழந்தைகள்கூட. பயந்து நடுங்கியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் ஆங்கிலேயக் குருவானவர் வாழ்நாள் முழுவதும் அதை மறக்கவில்லையாம். பிறகு அவர்தான் ஐம்பது வருடம் குதிரைமேல் ஊர் ஊராகப் போனவர். சுரங்க வாசலில், வயல்வெளியில், சந்தையில் எங்கே ஆள் இருந்தாலும் நின்று பேசுவார். குதிரைமேல் உட்கார்ந்தே புத்தகம் படிப்பாராம்.

நான் கையைத் தூக்கினேன். "கடிவாளத்தை யாரு பிடிச்சா பாஸ்டர்?"

"குதிரைக்கே வழி தெரியும் அங்கிள்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா! அம்பது வருஷம் ஒரு எடத்துல நிக்காதவரைப் பெரிய மனுஷன்னு சொல்றீங்க. நான் அதையே மோட்டார் சைக்கிள்ல செஞ்சா ஓடுகாலின்னு சொல்றாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் திரும்பாமலே சொன்னாள்:

"அவரு எங்க போறோம்னு தெரிஞ்சு போனாரு."

அவளைச் சபையில் எல்லாரும் தையல் அக்கா என்பார்கள். கிள்ளானில், துணிக்கடைகளும் பூக்கடைகளும் இருக்கும் தெருவில், மாடியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தாள். ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரி. கணவர் இறந்து பதினொரு வருடம். ஒரே மகள் ஜோகூரில் நர்ஸ். பாடகர் குழுவுக்கு அங்கி தைக்க ஒப்புக்கொண்டு சனிக்கிழமைதோறும் கோமுட்டர் ரயிலில் வந்து அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அப்படியே வகுப்பிலும் உட்கார்ந்துவிட்டாள். பேச்சு குறைவு. வாயைத் திறந்தால் கத்தரிக்கோல் மாதிரி ஏதாவது ஒன்று வெட்டுப்படும்.

அன்று நான் வெட்டுப்பட்டேன். கதவைப் பூட்டிவிட்டு, அவளுடைய துணி மூட்டை பெரிதாக இருக்கிறதே என்று தூக்கிக்கொண்டு சென்ட்ரல் நிலையம் வரை கூடவே நடந்தேன். அடுத்த சனிக்கிழமை மூட்டை சின்னது. அப்போதும் தூக்கினேன். அதற்கடுத்த வாரம் மூட்டையே இல்லை. அவளுடைய குடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பத்து நிமிட நடை. நாங்கள் நாற்பது நிமிடம் நடந்தோம். மாலைகள் தொங்கும் கடைகளைத் தாண்டி, மோனோரயில் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கி. எனக்கு வயது ஐம்பத்து நான்கு, அவளுக்கு ஐம்பது. எல்லாரும் அக்கா என்று கூப்பிட, நான் மட்டும் அதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. 'ஹலோ' என்றேன். ஐந்து மாதம் ஹலோவிலேயே ஓடியது.

நவம்பரில் பாஸ்டர் மறுபடியும் அந்த மொராவியா ஆட்களிடம் வந்தார். அகதிகளாக ஓடிவந்து ஒரு ஜெர்மன் பிரபுவின் நிலத்தில் குடிசை போட்டவர்கள் அவர்கள். தச்சர்கள், நெசவாளிகள். முதலில் தங்களுக்குள்ளே பயங்கரச் சண்டை, பிறகு சமாதானம். சமாதானமான பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆள் மாற்றி, இரவும் பகலும் நூறு வருடம் விடாமல் ஜெபம் செய்திருக்கிறார்கள். தினமும் காலையில் ஒருவர் வீடு வீடாகப் போய் அன்றைக்கான வசனத்தைச் சொல்லிவிட்டு வருவாராம். நம் ஊர் வாக்குத்தத்த அட்டைக்கும் அந்த வழக்கத்துக்கும் ஏதோ சொந்தம் இருக்கவேண்டும் என்றார் பாஸ்டர். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் விஷயம். பெரிய முடிவு எதுவானாலும் அவர்கள் சீட்டுப் போட்டுப் பார்ப்பார்களாம். மூன்று சீட்டு. ஒன்றில் ஆம், ஒன்றில் இல்லை, ஒன்று காலி. காலி வந்தால் இப்போது முடிவு செய்யாதே என்று அர்த்தம். கல்யாணத்துக்கும் அப்படியே. இன்னாருக்கு இன்னாரைக் கேட்கலாமா என்று மூப்பர்கள் சீட்டு எடுப்பார்கள். ஆம் வந்தால், கடல் தாண்டி ஊழியத்தில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கப்பலில் போவாள்.

ஏர்கோனுக்காக வந்திருந்த ஓர் ஆன்டி கண் விழித்து, "பொண்ணுக்குப் பிடிக்கலன்னா?" என்று கேட்டார்.

"மாட்டேன்னு சொல்லலாம் ஆன்டி. சீட்டு கேக்கலாம்னுதான் சொல்லும். கட்டிக்கோன்னு கட்டாயப்படுத்தாது."

அன்று நிலையத்துக்கு நடக்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. "நல்ல ஏற்பாடு லா," என்றேன். "வாயைத் தொறந்து கேக்க வேண்டியதில்ல. வெக்கம் இல்ல, ஒண்ணும் இல்ல. சீட்டுப் போட்டா முடிஞ்சிது."

அவள் நின்றாள். "யாரைக் கேக்க?"

"பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொல்ற மூஞ்சியா இது?"

மோனோரயில் ஒன்று வந்து என்னைக் காப்பாற்றியது. போனபிறகு அவள்தான் பேசினாள்.

"உங்க மனசுல என்ன இருக்குன்னு சபை முழுக்கத் தெரியும். எனக்குத்தான் முடிவு பண்ண முடியல. பதினேழு எடம் மாறினவரு நீங்க. பதினெட்டாவது எடமா என்னால இருக்க முடியாது. அதை யோசிச்சா தூக்கம் வரல. யோசிக்காட்டியும் வரல."

"அப்ப சீட்டுப் போடுவோமா?" என்றேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன்.

அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "புது வருஷத்துக்கு எப்படியும் அட்டை எடுக்கப்போறேன். வீடு, கூட இருக்கறது, சேந்து போறதுன்னு ஏதாவது வந்தா சரி. தனியா போ, விலகிப் போன்னு வந்தா அவங்கவங்க வேலையைப் பாத்துக்கிட்டுப் போவோம். அதுக்கப்புறம் பேச்சே எடுக்கக் கூடாது."

"ரெண்டும் இல்லாம ஆடு மாடு பத்தி வந்தா?"

"பாஸ்டர்ட்ட கேப்போம்."

"இதையெல்லாமா பாஸ்டர்ட்ட கேக்கறது?"

"ஆடு மாட்டைப் பத்தி மட்டும் கேப்போம்." பிறகு விரலை நீட்டினாள். "இன்னொண்ணு. அட்டையை வெட்டுறது நீங்க. ஒரு வசனத்தையும் பாக்கக் கூடாது. நல்லதா ஒண்ணை எடுத்து மேல வைக்கக் கூடாது. துணியில அரை இன்ச் குறைஞ்சாலே நான் கண்டுபிடிச்சிருவேன், தெரியுமில்ல?"

"சத்தியமா பாக்க மாட்டேன்."

அந்த ஐந்து வாரங்களும் நான் பறந்துகொண்டிருந்தேன். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினேன். அதே சமயம் கட்டிலுக்கு அடியில் இருந்த பையை இழுத்து ஒருமுறை தூசி தட்டியும் வைத்தேன். ஜோகூரில் ஒரு பழைய கூட்டாளி கார் கழுவும் கடைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான். விலகிப் போ என்று வந்தால் இரண்டாம் தேதி காலையில் முதல் பேருந்து. பேச்சே எடுக்கக் கூடாது என்றாள் அல்லவா? அவளைத் தினம் பார்த்துக்கொண்டு பேச்சை எடுக்காமல் இருப்பது என்னால் முடியாது. ஓடுவது முடியும். அது எனக்கு நன்றாகவே வரும்.

டிசம்பர் கடைசி வாரம் விடாத மழை. அட்டைகளின் பின்பக்கத்தை, விளக்குப் படமும் வருடமும் போட்டு, வெளியே அச்சடித்துக் கொண்டுவந்துவிடுவோம். முன்பக்கத்தில் வசனங்களை ஆபீஸ் ஜெராக்ஸ் இயந்திரத்தில் நான் எடுக்கவேண்டும். ஒரு தாளுக்குப் பன்னிரண்டு, மொத்தம் பத்துத் தாள். போன வருடம் ஒவ்வொரு தாளையும் திருப்பி வாசித்துப் பார்த்துத்தான் வெட்டினேன். இந்த வருடம் சத்தியம் இருக்கிறதே! இயந்திரம் கக்கிய தாள்களை முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தேன், கவிழ்த்தே வைத்தேன், கவிழ்த்தபடியே வெட்டினேன். பிறகு வெட்டியதையெல்லாம் மேசைமேல் பரப்பிக் கலைத்துக் கலைத்து அடுக்கினேன்.

சபைச் செயலாளர் உள்ளே வந்தார். எண்பது வயது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இவர் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போனதில்லை. பேச்சு மட்டும் அங்கிருந்து இன்னும் கிளம்பவில்லை.

"என்ன காணும், சீட்டுக் கிளப்போ நடத்துறீர்? எல்லாம் சரியாய் விழுந்திருக்கோ எண்டு பாத்தனீரோ?"

"பாக்கறதில்லன்னு நேந்துக்கிட்டேன் அங்கிள்."

"நேத்தியோ? நாங்கள் புரொட்டஸ்டன்ட் ஆக்கள். எங்களுக்கு நேத்தியெல்லாம் இல்லை. நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியே விட்டிட்டம்." அவரும் சனிக்கிழமை வகுப்புக்கு ஒழுங்காக வருபவர்.

புத்தாண்டன்று காலை மணியை எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியாது. பாஸ்டர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிப் போதும் போதும் என்றார். தொண்ணூறு பேர் வந்திருந்தார்கள். அவள் நீலச் சேலையில், தூண் ஓரமாக, வழக்கமான இடத்தில். பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கக் கதவை ஒட்டி நின்றேன்.

வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்தது. கண்ணை இறுக்க மூடினாள், தட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவினாள், இடத்துக்குப் போய் உட்கார்ந்து திருப்பிப் பார்த்தாள். இஸ்திரி போட்ட துணி மாதிரி முகம், ஒரு சுருக்கம் இல்லை. அட்டையைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

அப்போதுதான் பூக்கடை வைத்திருந்த ஆன்டி ஒருவரின் குரல் எழுந்தது.

"பாஸ்டர்! எனக்கு ஒண்ணும் எழுதல!"

"திருப்பிப் பாருங்க ஆன்டி."

"திருப்பிட்டேன் லா! வெளக்கு இருக்கு, வருஷம் இருக்கு. வசனம் இல்ல!"

"எனக்கும் இல்ல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இங்கயும் காலி பாஸ்!" என்றார் ஒரு டாக்சிக்காரர். செயலாளர் தன் அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ரகசிய மையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கடை ஆன்டி அழத் தொடங்கிவிட்டார். "நாப்பது வருஷமா எடுக்கறேன். ஒரு தடவைகூட அவரு பேசாம இருந்ததில்ல. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அந்த அழுகைதான் என்னைத் தள்ளியது. நடுவில் வந்து நின்றேன். "நீங்க ஒண்ணும் செய்யல ஆன்டி. மழையில தாள் ஈரமாகி ரெண்டு ஒண்ணா ஒட்டிக்கிச்சு. ஒண்ணுலதான் வசனம் விழுந்திருக்கு, அடியில இருந்தது காலியாவே வந்திருக்கு. தப்பு என்னோடது."

"வெட்டும்போது பாக்கலையா அங்கிள்?" என்றார் பாஸ்டர்.

"இல்ல."

"ஏன்?"

தொண்ணூறு பேர் என்னைப் பார்த்தார்கள். தூண் ஓரம் மட்டும் ஜன்னலைப் பார்த்தது.

"நேத்தியாம்," என்றார் செயலாளர்.

கோயிலே சிரித்தது. அழுதுகொண்டிருந்த ஆன்டியும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாஸ்டர் கையைத் தூக்கி அமைதிப்படுத்தி, அந்த மூன்று சீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். "காலிச் சீட்டு வந்தா அவங்க யாரும் கடவுள் கைவிட்டுட்டாருன்னு அழல. அது இல்லைன்னு சொல்ற சீட்டு கிடையாது. வாங்க, காலி வந்தவங்க மறுபடி எடுங்க. எத்தனை பேரு? கையைத் தூக்குங்க."

பதினொரு கை.

பதினொரு பேரும் வந்து எடுத்தார்கள். செயலாளருக்கு உபவாசத்தைப் பற்றிய வசனம் வந்தது. "எனக்குச் சீனி வருத்தம், பட்டினி கிடக்க ஏலாது. இது சரிவராது," என்று திருப்பிப் போட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று எடுத்தார். யாரும் தடுக்கவில்லை.

ஒரு தாளுக்குப் பன்னிரண்டு அட்டை. பதினொன்று திரும்பி வந்துவிட்டது. வசனத்தோடு மிஞ்சியவற்றைப் புரட்டிப் பார்த்தேன். காலி எதுவும் இல்லை. அந்தப் பன்னிரண்டாவது எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆராதனைக்குப் பிறகு மண்டபத்தில் காலை உணவு. மொராவியா ஆட்கள் ஒரே மேசையில் ரொட்டியும் தேநீரும் பகிர்ந்து சாப்பிடுவார்களாம். நாமும் அப்படிச் செய்வோம் என்று பாஸ்டர் ரொட்டி மட்டும்தான் சொல்லியிருந்தார். சபைப் பெண்கள் கேட்பார்களா? தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக், இடியப்பம், மூன்று அண்டா தே தாரிக் டீ. வடைச் சட்டிக்குப் பின்னால் அவள் நின்றாள். நான் காலித் தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே போய் நின்றேன்.

"ஹலோ," என்றேன்.

அவள் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினாள். மஞ்சள் அட்டை, வெறுமையாக.

"நீங்க ஏன் மறுபடி எடுக்கல?"

"நான் கேட்டதுக்குத்தான் பதில் வந்திருச்சே."

"காலிதானே வந்திருக்கு! இப்ப முடிவு பண்ணாதேன்னு அர்த்தம். நாம இன்னும் ஒரு வருஷம்..."

"வடையைப் பிடிங்க." பத்து வடைகளைத் தாம்பாளத்தில் போட்டாள். "நானும் அப்படித்தான் மொதல்ல நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். நீங்க பாக்காம வெட்டியிருக்கீங்க. பாத்திருந்தா இந்தக் கூத்தே இல்ல. சபை முன்னாடி நின்னு தப்பை ஒத்துக்கிட்டீங்க, என் பேரைச் சொல்லல. ஓடியும் போகல. கதவு பக்கத்துலதானே இருந்துச்சு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. நடுவில் வந்து நிற்கும்வரை கதவு என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது உண்மை.

"இன்னொண்ணும் யோசிச்சேன்," என்றாள். "அந்தக் காலத்துலகூடச் சீட்டு எடுத்தபிறகு பொண்ணுகிட்ட வந்து கேட்டாங்களாம். நீங்க அட்டையைக் கேட்டீங்க, மெஷினைக் கேட்டீங்க. என்னை எப்ப கேட்டீங்க?"

எண்ணிப் பார்த்தேன். ஐந்து மாதம், எத்தனையோ மைல் நடை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஐம்பத்து நான்கு வயதில், கையில் பத்து வடையோடு, நின்றேன். வடைகளையும் எண்ணினேன்.

பின்னாலிருந்து செயலாளரின் கைத்தடி என் முழங்காலைத் தட்டியது. "கேக்கிறதெண்டால் கெதியாய்க் கேளும் தம்பி. இங்க பதினஞ்சு பேர் வடைக்கு நிக்கிறம்."

"என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அவள் தாம்பாளத்தைப் பிடித்திருந்த என் இடது கையைக் குனிந்து பார்த்தாள். பாதி விரலை, ஒரு துணியை அளப்பது போல, நிதானமாகப் பார்த்தாள்.

"மோதிரம் போடுற அளவுக்கு மிச்சம் இருக்கு," என்றாள்.

செயலாளர்தான் முதலில் கை தட்டினார். அது எதற்கென்று புரியாமலே மண்டபம் முழுவதும் தட்டியது. புரிந்தபிறகு இன்னொரு தடவை தட்டினார்கள். பாஸ்டர் தே தாரிக் குவளையை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு, என் வடைகளில் ஒன்றை எடுத்துக் கடித்தபடி என்ன நடந்தது என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சட்டி காலியானதும் அவள் கையைத் துடைத்தாள். "கட்டிலுக்கடியில ஒரு பை வச்சிருக்கீங்களாமே. எடுத்துட்டு வாங்க."

பயந்துகொண்டே எடுத்து வந்தேன். திறந்து பார்த்தாள். இரண்டு சட்டை, ஒரு போர்வை. ஜோகூர்க் கூட்டாளியின் முகவரி எழுதிய காகிதமும் இருந்தது. அவள் எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, காலிப் பையை மட்டும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஜிப் போயிருச்சு. மாத்தணும். ஒரு வாரம் ஆகும்."

அன்று மாலை கோமுட்டரில் என் பை கிள்ளானுக்குப் போயிற்று. முதன்முறையாக நான் இல்லாமல்.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை எங்களுக்குக் கல்யாணம். இப்போது நான் கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வந்து பிரிக்பீல்ட்ஸில் மணி அடித்துவிட்டுப் போகிறேன். கால் அரிப்புக்கு அந்த ரயில் போதுமானதாக இருக்கிறது. அட்டைகளைத் திருப்பித் திருப்பி இரண்டு முறை வாசித்து வெட்டுகிறேன். பூக்கடை ஆன்டி மூன்றாவது முறை வாசிக்கிறார். அந்தக் காலி அட்டையில் அவள் ரவிக்கைக் கொக்கிகளை வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறாள். கனமான அட்டை, கொக்கி நன்றாக நிற்கிறதாம்.

என் பை அவள் கடைச் சுவரில், முடித்துக் கொடுக்கவேண்டிய துணிகளுக்கு நடுவில், என் பெயர் எழுதிய சீட்டோடு தொங்குகிறது. போன வாரமும் கேட்டுப் பார்த்தேன்.

"ஜிப் இன்னும் வரல லா," என்றாள், தையலிலிருந்து தலையைத் தூக்காமல். "அடுத்த வாரம் வாங்க."